கொழுந்தும் கோடுகளும்

வணிகக் கூட்டங்களில் இன்று எவரும் வெறுங்கையோடு எழுந்து பேசுவதில்லை. பவர்பொயின்ட் திரையிலே தூண்கள் உயர்கின்றன, வட்டங்கள் துண்டங்களாகின்றன. இவ்வழக்கத்தின் மூலவர் வில்லியம் பிளேஃபெயர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர். வாணிபக் கணக்குகளைக் கோடுகளாகவும் தூண்களாகவும் வரைந்து 1786 இல் நூலாக்கிய அவர், 1801 இல் வட்ட வரைபையும் தந்தார். நீண்ட அட்டவணையைவிட ஒரு கோடு விரைவாக மனதில் பதியும் என்பதே அவர் கண்ட உண்மை.

அவ்வுண்மையை ஊவாவின் தேயிலை வணிகம் வெகு முன்னரே பற்றிக்கொண்டது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். மளிகைக் கடைகளால் வளர்ந்த அவர், இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே கிண்ணத்துக்கு வரும் தேயிலை என்ற ஒரே கருத்தைத் தம் விளம்பரங்களில் முன்னிறுத்தினார். அதற்குச் சாட்சியாகப் படங்களில் நின்றவள் கொழுந்துக் கூடை சுமந்த நம் பெண். ஒரு படம், ஒரு செய்தி: இன்றைய பயிற்சி வகுப்புகள் போதிக்கும் பாடமும் இதுவேயன்றோ!

1933 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக, மக்டொனால்ட் கில் என்ற ஆங்கில ஓவியர் இத்தீவின் தேயிலையையும் பிற தொழில்களையும் காட்டும் வண்ணப் படமொன்றை வரைந்தார். 1914 இலேயே இலண்டன் நகரப் படத்தால் புகழ் பெற்றிருந்தவர் அவர். 1940 இல் உலகத்தையே தேயிலையின் வரைபடமாக்கி இன்னொரு சுவரொட்டியும் படைத்தார்.

ஆனால் இந்த வணிகத்துக்கு வேறொரு தாளும் இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதில் படமுமில்லை, வண்ணமுமில்லை. 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தோட்டத்துக்குத் தோட்டம் மனிதர் கைமாறியது இச்சீட்டின் வழியேதான். சுவரொட்டியில் சிரித்த பெண்ணின் குடும்பக் கணக்கு எந்தச் சுவரொட்டியிலும் ஏறவில்லை.

படம் பொய் சொல்லாமலே மறைக்கவும் வல்லது. சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2013 இன் கூட்டு ஒப்பந்தப்படி நாட்கூலி, கொடுப்பனவுகள் சேர்த்து 620 ரூபா. நீண்ட போராட்டத்தின் பின் 2021 இல் அது 1000 ரூபாவானது. இதைத் தூண்களாக வரைந்தால் எட்டாண்டுகளில் அறுபது வீத உயர்வு கண்ணைப் பறிக்கும். அதே தொகைகளை அந்தந்த ஆண்டின் மாற்று வீதப்படி டொலரில் வரைந்து பாருங்கள்: 2013 இல் டொலர் சுமார் 129 ரூபா, 2021 மார்ச்சில் ஏறத்தாழ 199 ரூபா. இரு தூண்களும் ஐந்து டொலர் அளவில் அருகருகே நிற்கும். எண்கள் இரண்டிலும் மெய்யானவை, அளவுகோல்தான் வேறு. ஏற்றுமதிப் பயிரின் வருமானம் டொலரில் வருகிறது என்பதை நினைவிற்கொண்டால், எந்தப் படத்தைக் காட்டுகிறோம் என்பது அலங்காரப் பிரச்சினையல்ல, நியாயப் பிரச்சினை என்பது விளங்கும்.

பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ வரைபுகளை அச்சேற்றியவன் என்ற முறையில் திரைக்குப் படம் வரைவோர்க்கு நான் சொல்லக்கூடியவை சில. படத்துக்கு ஒரு கருத்துப் போதும். அலகைத் தெளிவாக எழுதுங்கள். தூண்களைப் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். பணத்தை ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடும்போது அதன் பெறுமதி வீழ்ச்சியையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

பார்ப்போர்க்கும் ஒரு கடமையுண்டு. கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்காத மக்கள் நம்மவர். அந்தக் கண் வரைபின் அளவுகோல் மீதும் விழ வேண்டும்.