9க்கு முன்னால் 10: அடுக்கத் தெரியாத நிரல்களின் வரலாறு

நிரலாக்கம் படிக்கத் தொடங்குகிற எல்லோருக்கும் கிடைக்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது. கோப்பொன்றில் உள்ள எண்களை வாசித்து, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்க வேண்டும். கோப்பில் 9, 100, 25, 10 இருக்கிறது எண்டு வைப்போம். நிரல் பிழைச்செய்தி ஒன்றும் காட்டாமல் ஓடி முடிந்து, 10, 100, 25, 9 என்று விடை தருகிறது. அடுக்குகிற வரிகளை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் பிழை பிடிபடாது. ஏனெண்டால் பிழை அங்கே இல்லை.

கோப்பில் இருப்பவை எண்கள் அல்ல, எழுத்துகள். 1963இல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டில் '1' என்ற எழுத்துக்கு 49, '2'க்கு 50, '9'க்கு 57. நிரல் அகராதிக்காரர் மாதிரி முதல் எழுத்தை மட்டும் பார்த்து 100ஐ 25க்கு முன்னால் வைக்கிறது. வாசித்த கையோடு ஒவ்வொரு மதிப்பையும் அதன் வகையையும் அச்சிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்தை எண்ணாக மாற்ற ஒரு வரி போதும்.

இது தொடக்கக்காரரின் பிரச்சினை மட்டும்தானா? வரலாறு வேறு கதை சொல்கிறது.

அடுக்குதல் கணினியின் வயதுடைய வேலை. எட்வாக் கணினி கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே, 1945இல், அதற்காக ஜோன் வொன் நொய்மன் எழுதிய நிரல் அடுக்குவதற்கானதுதான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் போயும் பிழை தீரவில்லை. 2006இல் ஜாவா மொழியின் நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோசுவா புளொக் ஒரு விசயத்தை வெளியே சொன்னார். அடுக்கிய பட்டியலில் தேடுவதற்கு அவர் எழுதிய நிரலில் ஏறத்தாழ ஒன்பது வருசமாக ஒரு வழு ஒளிந்திருந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது அதன் முறை. பட்டியல் 107 கோடியைத் தாண்டும்போது அந்தக் கூட்டுத்தொகை 2147483647 என்ற எல்லையை மீறி, மறை எண்ணாகிவிடலாம். ஜோன் பென்ட்லியின் புகழ்பெற்ற பாடநூலிலும் அதே வழு இருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய பட்டியல் யாரிடமும் இருக்கவில்லை, அதனால் யாரும் காணவில்லை.

2015இல் இன்னொன்று. பைதனுக்காக ரிம் பீற்றர்ஸ் 2002இல் உருவாக்கிய 'ரிம்சோர்ட்' முறை ஜாவாவுக்கும் போயிருந்தது. அது சரியானது என்று கணிதமுறையில் நிரூபிக்க ஆய்வாளர்கள் சிலர் முயன்றார்கள். நிரூபணம் ஓரிடத்தில் இடறியது. ஏன் இடறுது எண்டு தோண்டிப் பார்த்தபோது, நிரலை முறித்துப்போடும் உள்ளீடு ஒன்றை அவர்களால் உருவாக்க முடிந்தது. கோடிக்கணக்கான கருவிகளில் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் நாங்கள் தொடங்கிய பயிற்சிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அடுக்கும் யோசனை மூன்றிலும் சரி. யாரும் சொல்லாமல் நம்பிய ஒன்றுதான் பிழை: கோப்பில் இருப்பது எண், கூட்டினால் கூடும், ஒதுக்கிய இடம் போதும்.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு 'வழு' புதிய சொல் இல்லை. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைச் சொல்கிறது. பொருளின் வகையும் அதைக் கையாளும் விதமும் பொருந்தாதபோது வருவது திணைவழு. எழுத்தை எண் என்று நினைத்து அடுக்கச் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதானே? இலக்கணத்தில் வழுவமைதியும் உண்டு. வழுவானாலும் காரணத்தோடு ஏற்கப்படுவது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தனியாகச் சொல்லாவிட்டால் எண்களைக்கூட எழுத்தாகவே அடுக்கும். மொழியின் விதியே அப்படி. இன்றைக்கும் அங்கே 9க்கு முன்னால் 10தான்.

ஆகவே, 'எனக்கு நிரலாக்கம் சரிவராது' எண்டு முதல் வாரத்திலேயே விட்டுவிட நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விடை பிழைத்தால் உங்கள் மூளையைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் கேள்வி கேட்காமல் நம்பிய வரி எது என்று தேடுங்கோ.