லிங்கன் காசில் ஒரு குட்டி ‘எஸ்’

அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகளைச் சேர்ப்பவர்கள் லென்ஸை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் உற்றுப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். பாதி நேரம் அவர்கள் பார்ப்பது லிங்கன் முகத்தை அல்ல. வருஷத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை எழுத்தை. ‘டி’ என்றால் டென்வரில் அடித்தது, ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ, எதுவுமே இல்லையென்றால் பிலடெல்பியா. இதுதான் மின்ட் மார்க். (1965 முதல் 1967 வரை எந்த ஊர்க் காசிலும் எழுத்து கிடையாது. அது வேற கதை.)

வேடிக்கை என்னன்னா, ஒரே வருஷம், ஒரே ஊரில் அடித்த இரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த எழுத்து மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றில் கொஞ்சம் மேலே, இன்னொன்றில் இடப்பக்கம், சிலதில் லேசாகச் சாய்ந்தபடி. ஆனால் முகமும் வருஷமும் ஒரு மயிரிழைகூட நகர்ந்திருக்காது.

காசு அடிக்கும் எஃகு அச்சில் முகம், வருஷம் எல்லாமே மூல அச்சிலிருந்து மொத்தமாக இறங்கிவிடும். எந்த ஊருக்கு எந்த அச்சு போகும் என்பது பிறகுதானே தெரியும்? அதனால் பிலடெல்பியாவில் ஒரு தொழிலாளி எழுத்துப் பஞ்சை அச்சின் மேல் பிடித்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். அதன்பிறகுதான் அச்சு டென்வருக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ ரயிலேறும். கண் மதிப்பில் செய்கிற வேலை. ஒவ்வொரு அச்சிலும் எழுத்து ஒவ்வொரு இடத்தில் விழுந்தது. ஆனால் ஒரு அச்சிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான காசுகளிலும் அது அதே இடத்தில்தான் இருக்கும். இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

1909-ல் லிங்கன் பிறந்த நூற்றாண்டுக்காக இந்தக் காசு வந்தது. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர் தன் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி.யைப் பின்பக்கம் கீழே போட்டிருந்தார். விளம்பரம் தேடுகிறார் என்று சத்தம் கிளம்பி, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் பிலடெல்பியா சுமார் 2 கோடியே 80 லட்சம் அடித்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ அடித்ததோ வெறும் 4,84,000. இன்று முதலாவது காசை யாரும் வாங்கலாம். இரண்டாவதற்கு நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு குட்டி ‘எஸ்’ மட்டுமே. விடுவார்களா? பிலடெல்பியா காசில் ‘எஸ்’ ஒட்டும் தொழில் ஆரம்பமானது.

இங்கேதான் அந்தக் கோணல் தட்டு கைகொடுக்கிறது. வி.டி.பி.யோடு சான் பிரான்சிஸ்கோவில் ஓடிய முன்பக்க அச்சுகள் நான்கு என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆக, அந்த ‘எஸ்’ இருக்கக்கூடிய இடங்களும் நான்கே நான்கு. மேலே இருக்கும் வருஷ எண்களை வைத்து அளந்து பார்ப்பார்கள். ஐந்தாவதாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் காசு போலி. எழுத்தை அச்சு அசலாகச் செய்யத் தெரிந்தவர்கூட எங்கே வைப்பது என்பதில் மாட்டிக்கொள்வார்.

இடம் சரியாக இருப்பதால் மட்டும் காசு தேறிவிடாது. அதே வருஷம் வி.டி.பி. இல்லாமல் வந்த சான் பிரான்சிஸ்கோ காசை எடுத்து, பின்பக்கம் முதலெழுத்துகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் ‘எஸ்’ நிஜம்! அப்போது பின்பக்கம் திருப்பி, ‘பி’ எழுத்தின் நடுக்கோடு சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசலில் அது நேராக இருக்காது.

சுத்தியல்காரரின் தடுமாற்றங்கள் தனி வகைகளாகவே பெயர் பெற்றுவிட்டன. 1909-லேயே ஒரு அச்சில் ‘எஸ்’ஸைப் படுக்கைவாக்கில் தட்டிவிட்டு, அதன் மேலேயே நிமிர்த்தி இன்னொன்று தட்டியிருக்கிறார்கள். 1944-ன் டென்வர் காசு ஒன்றில் ‘டி’க்கு அடியிலிருந்து ‘எஸ்’ எட்டிப்பார்க்கும். எனக்கு இவைதான் அதிகம் பிடிக்கும்.

1990 வாக்கில் புழக்கக் காசுகளுக்கும் மின்ட் மார்க்கை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். அதன்பின் வந்த டென்வர் காசுகளில் எத்தனை அச்சு மாறினாலும் அந்த வருஷத்து ‘டி’ ஒரே இடத்தில்தான்.