நற்பெயர்: ஒரு நாலு தந்திக் கணக்கு

பரீட்சைக்கு நடுவில் எழுதுகிறேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள் :)

போன பங்குனியில் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. எங்கள் பக்கத்துக் கச்சேரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ரெண்டு தமிழ்ப் பாட்டு முடிந்தால் ஒரு கன்னடப் பாட்டு வரும், அது முடிந்தால் தெலுங்கு. எது வந்தாலும் விசில் அடிக்க ஆள் உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா, கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் ஆந்திரா. அப்படி ஒரு ஊர் இது.

கச்சேரி முடிகிற நேரத்தில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். பாடகர், பாடகி, கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், லீட் கிட்டார்... எல்லாருக்கும் கைதட்டல். டிரம்ஸ் பக்கத்தில் பாதி இருட்டில் நின்று நாலு மணி நேரம் பேஸ் கிட்டார் வாசித்தவரை மட்டும் மறந்துவிட்டார். வேண்டுமென்றே இல்லை, சும்மா மறந்துவிட்டார். வயர் சுற்றிக்கொண்டிருந்த அந்த அண்ணனிடம் போய், "என்னண்ணே, உங்க பேரைச் சொல்லலையே" என்றேன். "பணத்தைக் கரெக்டாக் குடுத்துட்டாங்க தம்பி, அது போதும். காலைல எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

அது போதுமா? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. நான் பி.காம். படிக்கிறவன். இசை தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். அதனால் கணக்கு வழியாகவே போகிறேன்.

முதலில் பேஸ் என்றால் என்ன? பார்க்க கிட்டார் மாதிரியே இருக்கும், ஆனால் பொதுவாக நாலு தந்திதான். கிட்டாரை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பேஸின் அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை செல்போன் ஸ்பீக்கரால் சரியாகத் தர முடியாது. அதனால்தான் போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் பேஸ் காணாமல் போகிறது, ஹெட்போன் மாட்டினால் திரும்பி வருகிறது. அத்திப்பள்ளி டிராஃபிக்கில் பஸ் நிற்கும்போது சோதித்துப் பாருங்கள், அங்கே நேரம் நிறையக் கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேஸ்காரர்களின் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய ஊர் டெட்ராய்ட். நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த ஊர் சட்டென்று புரியும். நமக்கு அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் எப்படியோ, அவர்களுக்கு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்படி. அங்கே ஃபோர்டின் லிங்கன்-மெர்குரி கார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெரி கோர்டி என்பவர் 1959-ல் ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிற்பாடு மோட்டவுன். கார் செய்கிற மாதிரியே பாட்டும் செய்யலாம் என்பது அவர் கணக்கு. எழுத ஒரு ஆள், வாசிக்க ஒரு கூட்டம், பாட ஒரு ஆள், கடைசியில் தரப் பரிசோதனை. லைனில் ஒரு பக்கம் பாட்டு ஏறும், மறு பக்கம் ஹிட் இறங்கும்.

அந்த வாசிக்கிற கூட்டத்தில் ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து பேஸ் மீட்டுவார். 1960களில் உலகமே ஆடிய மோட்டவுன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது அந்த ஒற்றை விரல்தான். ஆனால் இசைத்தட்டு உறையில் பெயர் கிடையாது. கூலி உண்டு, விற்பனையில் பங்கு கிடையாது. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சாகின. அடுத்த வருஷமே, 1972-ல், மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. கம்பெனி இடம் மாறினால் லைனில் நின்றவன் கதி என்ன ஆகும் என்று ஓசூரில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஜேமர்சனும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார், பழைய இடம் கிடைக்கவில்லை. 1983-ல் மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழா தடபுடலாக நடந்தபோது அவர் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கி மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். 2000-ல் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது, பக்கவாத்தியக்காரர் என்ற பிரிவில்! தன் பெயரில் ஒரு ஆல்பம்கூட அவர் போடவில்லை.

அவருக்கு அடுத்த தலைமுறை வேறு மாதிரி. ஸ்டான்லி கிளார்க் 1970களில் சொந்த ஆல்பங்கள் போட்டார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976-ல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். பேஸ் முன்வரிசைக்கும் வரலாம் என்று அப்போதுதான் நிறைய பேருக்குத் தெரிந்தது.

இப்போது சென்னைக்கு வருவோம். இங்கே சினிமா இசைதான் பெரிய தொழிற்சாலை. பாட்டு ஒலிப்பதிவுக்கு வந்து வாசித்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்கள்தான் செஷன் கலைஞர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். ஆனால் கூலி ஒழுங்காக வந்தாலும் பெயர் வெளியே வருவதில்லை.

நம் பக்கத்தில் செஷன் வாத்தியக்காரராக இருந்து வெளியே வந்த பெரிய உதாரணம் யார்? சாட்சாத் இளையராஜாதான். கிட்டாரிஸ்டாக ஒலிப்பதிவுகளில் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அங்கே செய்த படங்களில் பெரும்பாலானவை கன்னடம். பண்ணைப்புரத்துக்காரருக்குத் தொழில் பழக்கியதில் கன்னட சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லையில் வாழ்கிற எனக்கு இதை நினைத்தால் ஒரு தனி சந்தோஷம். 1976-ல் 'அன்னக்கிளி'. பத்து வருஷம் கழித்து 1986-ல் சினிமாவுக்கு வெளியே தன் பெயரில் 'ஹவ் டு நேம் இட்'. 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி.

பேஸ் தந்தி தமிழ்க் காதுகளுக்குப் பழகியதும் ராஜா பாட்டுகளில்தான். 1987-ல் வந்த 'ரெட்டை வால் குருவி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய ராஜராஜ சோழன் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டே ஓடுகிறது. ராஜாவின் குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? என் வகுப்பில் ஏழு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு பேரும் ராஜா வெறியர்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஜேமர்சன் பெரும்பாலும் தானே யோசித்து வாசித்தார். ராஜாவோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர். அதனால் அந்த பேஸ் வரியின் படைப்பாளி ராஜாதான். ஆனால் காகிதத்தில் இருக்கும் புள்ளியும் கோடும் தானாக ஒலிக்காதே. விரல் யாருடையது என்று தெரிந்துகொள்வதில் ராஜாவுக்கு ஒன்றும் குறையாது.

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றியவர் ரஹ்மான். அவரும் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்து வந்தவர்தான். 1992-ல் 'ரோஜா'வில் அறிமுகமானவர், பிறகு தன் கேசட், சிடி உறைகளில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட ஆரம்பித்தார். பேஸ் என்றால் கீத் பீட்டர்ஸ் என்று பலர் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அந்த ரஹ்மான் வட்டத்திலிருந்துதான் என் கதையின் நாயகி வருகிறார்: மோஹினி டே. 1996-ல் மும்பையில் பிறந்தவர். அப்பா சுஜாய் டே பேஸ் வாசிப்பவர். அதுவும் செஷன் பேஸ்தான். மூன்று வயதில் மகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே டிரம்மர் ரஞ்சித் பரோட்டுடன் மேடை ஏறிவிட்டார். 2013-ல் எம்டிவி கோக் ஸ்டுடியோவில் ரஹ்மானோடு வாசித்தபோது வயது 17. அதற்குப் பிறகு ரஹ்மான் மேடைகள், ஜாகிர் ஹுசைன், ஸ்டீவ் வாய் என்று பட்டியல் நீள்கிறது. கொன்னக்கோல் ஜதியை வாயால் சொல்லிக்கொண்டே அதை அப்படியே பேஸில் வாசித்துக் காட்டுவார். நம்ம ஊர் 'தகதிமி' அமெரிக்கத் தந்தியில் ஏறுவதைக் கேட்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

2023-ல் அவர் தன் முதல் சொந்த ஆல்பத்தை வெளியிட்டார். தலைப்பு: 'மோஹினி டே'. அவ்வளவுதான். ஜாக்கோ செய்த மாதிரியே பெயர்தான் தலைப்பு. முதலில் திமிர் என்று நினைத்தேன். யோசித்தால் அப்படி இல்லை. காலமெல்லாம் அடுத்தவர் ஆல்பத்தின் பின் அட்டையில் பொடி எழுத்தில் இருந்த பெயர் அது. அதை முன் அட்டைக்குக் கொண்டுவருவதுதான் அந்த ஆல்பத்தின் வேலையே.

இப்போது கணக்குக்கு வருகிறேன். செஷன் என்பது கூலி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் வந்துவிடும், நஷ்டம் தயாரிப்பாளருக்கு. சொந்த ஆல்பம் என்பது முதலீடு. ஸ்டுடியோ வாடகை, மற்ற வாத்தியக்காரர்களின் சம்பளம், விளம்பரம் எல்லாம் நம் தலையில். ஓடினால் லாபம், ஓடாவிட்டால் கைக்காசு போகும். கூலிக்காரர் முதலாளி ஆகிற இடம் அது. 2013-க்கும் 2023-க்கும் இடையில் உள்ள பத்து வருஷத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன், மூலதனம் சேர்த்த காலம். ஜேமர்சனுக்கு அந்த மூலதனம் சேரவே இல்லை. காரணம், அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? வணிகச் சட்டப் பாடத்துக்காகப் படிக்கப் போய் இதில் மாட்டிக்கொண்டேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1994 திருத்தத்தில் வாத்தியக்காரர் உள்ளிட்ட நிகழ்த்துபவர்களுக்குத் தனி உரிமை வந்தது, 2012-ல் அது இன்னும் வலுவானது. ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒரு சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாமலும் இருந்தால், அவர் பெரும்பாலான விஷயங்களில் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், பெயர் போடுவதும் போடாததும் வெறும் மரியாதைப் பிரச்சனை இல்லை. உரிமைக்கே அது ஒரு சாட்சி.

கடைசியாக ஒன்று. கணக்குப்பதிவியலில் 'குட்வில்' என்பதை நாம் 'நற்பெயர்' என்று படிக்கிறோம். விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் ஏட்டில் சொத்தாகக் காட்டலாம். தானாக உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைக் காட்டக் கூடாது, கணக்கியல் தரநிலை 26 அப்படித்தான் சொல்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது வெறும் விதியாக இருந்தது, இப்போது படித்தால் ஜேமர்சன் முகம் ஞாபகம் வருகிறது. கம்பெனி விலை போனபோது ஏட்டில் ஏறிய நற்பெயரில் அவர் விரலும் இருந்தது, அவர் பெயர் இல்லை.

எல்லா பேஸ்காரரும் சொந்த ஆல்பம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூலி போதும் என்று நிம்மதியாக இருப்பவரும் உண்டு. அந்த நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு வயசு போதாது. ஆனால் கூலி கொடுத்தாயிற்று என்பதால் பெயரைச் சொல்லும் கடன் தீர்ந்துவிடாது. அது தனிப் பதிவு, தனி ஏடு.

இவ்வளவு எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. அன்றைக்கு அறிவிப்பாளர் மறந்ததை அவ்வளவு ரோஷமாகக் கேட்டேனே, அந்த அண்ணனின் பெயர் என்ன என்று நானும் கேட்கவில்லை.

வர்ற பங்குனியில் கேட்க வேண்டும்.