தோளும் சக்கரமும்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடைப்பயணம் புறப்படும் நகரத்தார் காவடிகளைக் காண, காரைக்குடி வட்டாரமே சாலையோரம் நிற்கும். நாமும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறோம். மயிற்பீலி சூடிய காவடிகள் தோள்களில் அசைந்து செல்லும். சமையல் பாத்திரங்களும் அரிசி மூட்டைகளும் வண்டிகளில் வரும். எடையை மட்டும் கருதினால் இது விந்தையான ஏற்பாடு. அண்டாவையே ஏற்றிக்கொண்ட வண்டியில் ஒரு காவடிக்கா இடமில்லாமல் போய்விடும்?

தோளுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பங்கீடு தமிழகத்தில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பை வண்டிகளில் ஏற்றிச் சாரை சாரையாகச் செல்கின்றனர். வழியில் அச்சு முறிந்தால் உதவும் என்று மாற்று அச்சு ஒன்றையும் அவர்கள் வண்டியின் கீழே கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்கியிருக்கிறார். உமணர் வண்டிகளோடு, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பாணர்களோ தம் இசைக்கருவிகளைக் ‘கா’ எனப்பட்ட தண்டில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தனர். காவடி என்னும் சொல்லின் முதற்பகுதி இந்தக் ‘கா’வே. விற்கச் சரக்கு உடையவனுக்கு வண்டி, கலை மட்டும் உடையவனுக்குத் தோள் என்பதே அன்றைய நிலை எனலாம்.

நகரத்தாரின் பழனிப் பயணமும் உப்பு வாணிபத்தோடு பிணைந்ததுதான். உப்பு விற்கப் பழனிக்குச் சென்ற குமரப்பர் என்னும் வணிகர், தம் வருவாயில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்துவைத்ததிலிருந்து இவ்வழிபாடு தொடங்கியது என்பது மரபு. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இச்செய்திகளை, நகரத்தாரின் வணிகத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டுகிறார். பின்னாளில் பர்மாவரை வட்டித்தொழில் நடத்திய சமூகம் இது. வண்டிக்கோ வாகனத்துக்கோ வக்கில்லாமல் அவர்கள் காவடியைத் தோளில் ஏற்றவில்லை. பழனியில் காணிக்கை செலுத்திய பிறகும் ஊருக்கு நடந்தே திரும்புகின்றனர்.

ஆனால் அதே சாலைகளில் வேறு வகைச் சுமைகாரர்களும் நடந்தார்கள். சக்கரத்துக்குச் சாலை வேண்டும், மாடு வேண்டும், தீவனம் வேண்டும். தலைச்சுமைக்கு ஒரு சும்மாடு போதும். கூலி மலிவாக இருந்தவரை மனிதத் தலையே சிக்கனமான வாகனமாக இருந்தது. அவர்களுடைய வரலாற்றை எழுதிவைத்தார் அதிகம் இல்லை. எஞ்சியிருப்பது சுமைதாங்கிக் கல். நட்ட இரு கற்களின்மேல் ஒரு பலகைக்கல். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி அதன்மேல் தள்ளி இளைப்பாறலாம். மீண்டும் தானே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இதனை நட்டனர். இறக்கிவைக்காத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கனின் சுமையை இறக்கிவைத்தார்கள். இதைவிட இரக்கமான நினைவுச்சின்னம் நம்மிடம் வேறில்லை என்பது எம் எண்ணம்.

இக்கேள்வி செல்வர் விளையாட்டான கோல்ஃபிலும் உண்டு. 14 மட்டைகள்வரை கொண்ட பை 10 கிலோவையும் தாண்டும். 18 குழிகளையும் சுற்றிவர எட்டுக் கிலோமீட்டருக்கு மேலும் நடக்க நேரும். பையைத் தோளில் மாட்டுவதா, தள்ளுவண்டியில் வைப்பதா என்று ஆட்டக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். தள்ளுவண்டி முதுகைக் காக்கும். மேட்டிலும் சேற்றிலும் தோளே வசதி. இருபுறமும் நியாயம் உண்டு. ஆனால் இந்த விவாதம் எழுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பையைத் தூக்குவதற்கென்று ஒருவன் இருந்தான். அவன் பெயர் ‘கேடி’ (நம்மூர்ப் போக்கிரி அல்லன்!). 1829இல் கல்கத்தாவில் கோல்ஃப் மன்றம் தோன்றிய நாட்டில் இன்றுவரை இத்தொழில் நீடிக்கிறது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார்; பெங்களூரில் அவ்வாறே தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் வென்றார். பிறர் பையைச் சுமந்த தோள்கள்தாம் அவை. எனினும், ஒருவர் இருவர் வென்றார்கள் என்பதற்காகச் சுமந்த ஆயிரம் பேரின் முதுகுவலி இல்லையென்று ஆகிவிடாது. அவர்களைப் பொறுத்தவரை தள்ளுவண்டி முதுகுக்கு விடுதலை; கூலிக்கோ போட்டி.

மீண்டும் பழனிக்கு வருவோம். அங்கே 1966இல் இழுவை ரயில் வந்தது. 2004இல் ரோப் கார் வந்தது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவை பெரும் உதவி. காவடி மட்டும் இன்றும் படிவழியே ஏறுகிறது. கடல்கடந்த பினாங்கில் நகரத்தார் 1894இல் முருகனுக்கு வெள்ளி ரதம் கொண்டுசேர்த்தார்கள். தைப்பூசத்தில் தெய்வம் சக்கரத்தில் ஏறி உலா வரும். காவடியோ அங்கும் தோளில்தான். ஆக, சக்கரத்தை அறியாதவர்களின் வழக்கமல்ல இது. எதைச் சக்கரத்தில் ஏற்றுவது, எதை ஏற்றக்கூடாது என்று தாமே முடிவு செய்துகொண்டவர்களின் வழக்கம்.

அந்த முடிவைச் செய்யும் உரிமைதான் இங்கே முக்கியமானது. காவடி எடுப்பவர் விரும்பிச் சுமக்கிறார். மூட்டை தூக்கியவருக்கும் கேடிக்கும் அந்த உரிமை வாய்க்கவில்லை. சுமத்தல் புனிதமானது என்று பொதுவாகப் பேசிவிடும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

மரபு இதனை மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. முதற்காவடி எடுத்த இடும்பன் தன் விருப்பத்துக்காகச் சுமந்தவன் அல்லன். அகத்தியர் ஏவியதால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைச் சுமந்துவந்தவன். களைத்துப் பழனியில் இறக்கிவைத்தான். மீண்டும் தூக்க இயலவில்லை. அவனுக்கு வழியில் ஒரு சுமைதாங்கி கிடைக்கவில்லை போலும். இன்று மலையேறுவோர் பாதி வழியில் இடும்பனை வணங்கிவிட்டே மேலே செல்கிறார்கள். ஏவலுக்குச் சுமந்தவனுக்கு முதல் வணக்கம். விரும்பிச் சுமப்பவரின் காவடி அதற்கு அப்புறம்தான் சன்னிதியை அடைகிறது.