ஓர் அங்குல மனிதன்

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன் என் எழுதும் மேஜையில் பாதியை ஆக்கிரமித்துக்கொண்டான். கத்தரிக்கும் குறடு, சின்னக் கத்தி, உப்புத்தாள், மூக்கைத் துளைக்கும் ஒரு பசை, நாலைந்து வர்ணப் புட்டிகள், நடுவில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கொடியிலே பிஞ்சு காய்த்திருப்பது போல, இறக்கைத் துண்டும் சக்கரமும் நாற்காலியுமாகச் சட்டம் முழுவதும் காய்த்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக நறுக்கித் தேய்த்து ஒட்டி வர்ணம் பூசினால் கடைசியில் ஓர் ஆகாய விமானம் கிடைக்கும்.

"என்னடா விமானம் இது?"

"பி-29, மாமா. அமெரிக்காக்காரன் ஜப்பான் மேலே குண்டு போட்டானே, அது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு."

அசல் விமானத்துக்கு இறக்கை அகலம் 43 மீட்டர். இவனுடையது 60 சென்டிமீட்டர். அதற்கே என் கையெழுத்துப் பிரதிகள் தரைக்கு இறங்க வேண்டியதாயிற்று.

யுத்தத்தைப் பொம்மையாக்கி வீட்டுக்குள் விடக்கூடாது என்பது வெகுகாலமாக என் கட்சி. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கட்சியைவிட ஆவல் பெரிது. அது ஏன் எழுபத்திரண்டு? எழுபது என்று வைத்துக்கொண்டால் ஆகாதா? இந்த அற்பக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவன், கடைசியில் ஷிசுவோக்கா என்ற ஜப்பானிய ஊரில் போய் நின்றேன்.

எழுபத்திரண்டின் ரகசியம் எளியது. ஆறடியில் 72 அங்குலம் உண்டு. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குல மனிதன் ஆகிவிடுகிறான். அடிக்கணக்கிலே ஊறிய இங்கிலாந்துக்காரர்களின் சௌகரியம் அது. 1936-ஆம் வருஷம் அங்கே ஃப்ராக் என்ற கம்பெனி 'பெங்குவின்' என்ற பெயரில் இந்த அளவில் பிளாஸ்டிக் விமானத் துண்டுகளைப் பெட்டியிலிட்டு விற்க ஆரம்பித்தது. மூன்று வருஷத்தில் யுத்தம் வந்தது. விளையாட்டுச் சாமான் யுத்தச் சாமான் ஆயிற்று.

பீரங்கியருகே நிற்கிற சிப்பாய்க்கு வானத்தில் தெரிவதெல்லாம் ஒரு கரும்புள்ளி. அது எதிரியா, நம்மவனா என்பதை அவன் சில விநாடிகளில் தீர்மானித்தாக வேண்டும். தப்பினால் சாகிறவன் சொந்த நாட்டான். ஆகவே சின்ன விமானங்களைக் கறுப்பாக அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். அமெரிக்கக் கடற்படை 1942-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செதுக்கித் தரும்படி கேட்டது. அதே எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுதான். நம் சங்கீதத்தில் சுருதி பிசகக்கூடாது என்பது மாதிரி, அளவு பிசகாமல் செய்யச் சொன்னார்கள். பையன்களும் செய்தார்கள். அவர்கள் செதுக்கியவற்றில் எதிரியின் விமானங்களும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரியின் மூக்கையும் வாலையும் அவ்வளவு சிரத்தையாகப் பார்க்கப் பழகிய பிள்ளைகள் அதற்கு முன் உண்டோ என்னவோ!

யுத்தம் முடிந்ததும் அளவு மறுபடி விளையாட்டுக்கே திரும்பியது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியை 1939-இல் ஆரம்பித்த நிக்கலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த யூதர். சீப்பு விற்றவர். 1949-இல் ஒரு டிராக்டர் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்காகச் சின்ன டிராக்டர் செய்து கேட்டது. 1952-இல் ஒரு பழைய பாய்மரக் கப்பல். பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானம். அப்புறம் அவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் ஜெயித்த நாடுகளின் கதை. ஜெயித்தவன் தன் விமானத்தைச் சின்னதாகச் செய்து அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? தோற்றவன், அதிலும் குண்டு வாங்கிய ஊர்க்காரன், இதே தொழிலுக்கு வந்தானே, அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

ஷிசுவோக்கா தச்சர்களின் ஊர். பதினேழாம் நூற்றாண்டில் தொக்குகாவா ஆட்சியாளர்கள் அங்கே கோட்டையும் கோவிலும் கட்டத் தச்சர்களையும் அரக்குப் பூச்சுக்காரர்களையும் நாலா திசையிலிருந்தும் வரவழைத்தார்கள். வேலை முடிந்தபின் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. மர வேலை அந்த ஊர்க் கைகளில் ஊறியிருந்தது.

1945-ஆம் வருஷம் ஜூன் 19-ஆம் தேதி இரவு 20-ஆம் தேதியாக விடிவதற்குள், நூற்றுக்கு மேற்பட்ட பி-29 விமானங்கள் அந்த ஊர்மேல் எரிகுண்டுகளைக் கொட்டின. மரமும் காகிதமுமான வீடுகள். ஊரின் பெரும் பகுதி சாம்பலாயிற்று. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் மாண்டார்கள். அன்று இரவே இரண்டு பி-29 விமானங்கள் வானத்தில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அவற்றிலிருந்த 23 அமெரிக்கர்களும் இறந்துபோனார்கள். இதோ ஃபுக்குமட்சு என்ற உள்ளூர்க்காரர் அவர்களுடைய உடல்களையும் எடுத்து, ஊர்க்காரர்களின் உடல்களோடு சேர்த்து அடக்கம் செய்தார். தன் சொந்த ஜனம் வெந்து கிடக்கும்போது இந்தக் காரியத்தைச் செய்வதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்! இடிபாட்டில் அவருக்குக் கருகிப்போன ஒரு தண்ணீர்க் குடுவை கிடைத்தது. ஓர் அமெரிக்கச் சிப்பாயின் குடுவை. பிற்காலத்தில் ஊர்ப் பக்கத்து மலையில் இரு தரப்பாருக்கும் அவர் நினைவுக்கல் நாட்டினார். ஜப்பானியரும் அமெரிக்கரும் வருஷந்தோறும் அங்கே கூடி, அந்தக் குடுவையிலிருந்து விஸ்கியை நினைவுக்கல்லின்மேல் வார்க்கும் வழக்கம் உண்டாயிற்று.

அதே வருஷம் நவம்பரில், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கத் தலைமையகம் ஒரு கட்டளை போட்டது. ஜப்பானியர் எவரும் விமானம் வைத்திருக்கக்கூடாது, விமான ஆராய்ச்சி கூடாது, விமானப் பாடம் கூடாது. ஓடுகிற மாதிரி விமானங்கள்கூட அந்தத் தடையில் அடக்கம். யுத்த காலத்தில் மாதிரி விமானம் செய்வதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைத்திருந்த தேசம் அது. உலகத்தின் மிகப் பெரிய படை ரப்பர் சுருளில் பறக்கிற மூங்கில் விமானத்துக்கு ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், பொம்மை அப்படி ஒன்றும் அற்பமான பொருளல்ல. 1952-இல் ஆக்கிரமிப்பு முடிந்தபோதுதான் தடை முழுதும் நீங்கியது.

இதற்கிடையில் 1946-ஆம் வருஷம் டாமியா யோஷியோ என்பவர் அந்த ஊரில் மரம் அறுக்கும் தொழிலைத் தொடங்கினார். எரிந்த ஊருக்கு மரம் வேண்டுமல்லவா? அடுத்த வருஷமே மரத்தில் சின்னக் கப்பல், விமான மாதிரிகள் செய்வதற்கு ஒரு பிரிவு வைத்தார். 1953-இல் வீட்டு மரத்தை விட்டுவிட்டு மாதிரிகளே போதும் என்று தீர்மானித்தார். அவருடைய மகன் ஷுன்சாக்கு. ஊர் எரிந்த ஜூன் மாதத்தில் அவருக்கு வயது பத்து.

மேல்நாட்டுப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து இறங்கியதும் மரம் படுத்துவிட்டது. டாமியாக்களும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இந்தத் தொழிலில் பிளாஸ்டிக் மலிவு. பணத்தை விழுங்குவது எஃகு அச்சு. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால் கப்பலின் ஒவ்வொரு பீரங்கியும் அச்சில் எப்படிக் குடைந்திருக்கிறதோ அப்படியே வரும். அப்படிக் குடைவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆள் உட்கார வேண்டும். 1960-இல் அவர்கள் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக யமாட்டோ போர்க்கப்பலைக் கொண்டு வந்தார்கள். அசல் யமாட்டோ 1945 ஏப்ரலில் ஏறக்குறைய மூவாயிரம் பேரோடு முழுகியது. எண்ணூறில் ஒரு பங்கான அதன் பிள்ளை ஓர் அடிக்குச் சற்றே மேல். போட்டிக் கம்பெனியும் அதே கப்பலை விட்டிருந்தது. அவர்கள் விலையான 350 யென்னுக்கே இவர்களும் விற்க நேர்ந்தது. அச்சுக் கூலிகூடத் தேறவில்லை. இரண்டு யமாட்டோக்களும் முழுகின என்று சொன்னால் குறும்பாகத் தோன்றும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கைவசம் இருந்த பழைய பொம்மை அச்சில் ஒரு சின்னப் பந்தயக் கார் செய்து விற்று மூச்சு விட்டுக்கொண்டார்கள். அந்தக் காசில் செய்ததுதான் ஜெர்மானிய 'பாந்தர்' டாங்கி. ஏன் ஜெர்மானியம், ஏன் அந்த டாங்கி? சரிவான நேர்ப் பலகைகளால் ஆன உடம்பு அது. அச்சுக் குடைய எளிது. குண்டைச் சறுக்கிவிடுவதற்காக ஜெர்மானியர் சாய்த்த தகடு, ஷிசுவோக்காவில் அச்சுக்காரனின் உளியை மிச்சப்படுத்தியது. உள்ளே மோட்டார் வைத்தார்கள். டாங்கி மேடேறிப் பள்ளம் இறங்கி ஓடியது. பெட்டிக்கு மேல் கொமாட்சுசாக்கி ஷிகேரு, சிறுவர் பத்திரிகைகளில் படம் போட்டுப் பேர் பெற்றவர், தீயும் புகையுமாக ஒரு யுத்தகளத்தையே எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் விழுந்தடித்து வாங்கினார்கள்.

அந்த டாங்கியின் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. முப்பத்தைந்துக்கு என்ன சாஸ்திரம் என்று தேடினேன். ஒன்றுமில்லை! மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்க வேண்டும். அடங்குகிற அளவுக்கு உடம்பைச் செய்தார்கள். கணக்கு பின்னால் வந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி டாங்கி மாதிரி செய்தாலும் பெரும்பாலும் அந்த அளவுதான். ஆகாயத்தில் ஒரு மனிதனின் உயரம், தரையில் ஒரு பாட்டரியின் பருமன்.

ஷுன்சாக்கு பிற்பாடு அமெரிக்காவின் அபர்டீன் போன்ற இடங்களுக்குப் போய், காட்சிக்கு நிறுத்தியிருந்த டாங்கிகளை நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, அளந்து வந்தார். ஒரு திருகாணி தவறக்கூடாது என்ற பிடிவாதம். 2025-இல் தம் தொண்ணூறாவது வயதில் அவர் காலமானபோது, அவருடைய ஊர் மாதிரிகளின் தலைநகரம் என்று பேர் வாங்கியிருந்தது.

திருகாணி தவறவில்லை, சரி. நெருப்பு? அதையும் ஒருநாள் எடுத்துவிட்டார்கள். ஏர்ஃபிக்ஸ் பெட்டிப் படங்களில் எரிந்து விழும் எதிரி விமானங்களும் வெடிக்கும் குண்டுகளும் இருந்தன. 1970-களில் குழந்தைகளுக்கு இது ஆகாது என்று ஆட்சேபம் வரவும், தீயை வர்ணத்தால் மூடி வெறும் வானமாக்கி அச்சிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் விமானம் அப்படியே இருக்க, அது செய்த காரியத்தை மட்டும் துடைத்ததில் எனக்கு ஏதோ உறுத்துகிறது. கொமாட்சுசாக்கியின் தீப்பிழம்பே யோக்கியமானது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷம் அந்தத் தீப்பிழம்பைப் பார்த்துத்தானே பிள்ளைகள் வாங்கினார்கள் என்று ஞாபகம் வந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஓர் இரவு மேஜைக்குப் போனேன். விமானம் முக்கால்வாசி முடிந்திருந்தது. உள்ளே ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஆசனங்கள். வயிற்றுப் பகுதியில், பல்குச்சி நுனியால் வர்ணம் தீட்டிய குண்டு வரிசை. பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, இந்தக் குண்டுக் கதவை ரெண்டு விதமாவும் ஒட்டலாம்னு போட்டிருக்கு. திறந்து ஒட்டட்டுமா, மூடி ஒட்டட்டுமா?"

ஷிசுவோக்காவைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். குடுவையைப் பற்றியும் சொன்னேன். கையில் கதவை வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டான்.

"மூடியே ஒட்டேன்" என்றேன்.

"மூடிட்டா உள்ளே இருக்கிறது யாருக்குமே தெரியாதே, மாமா" என்றான்.