மெல்லிறகு ஈ

தூண்டில் முள்ளில் ஆரஞ்சுப் பட்டுநூல். தலைப்பக்கம் இரண்டு சுற்றுக் கவுதாரி இறகு. அவ்வளவுதான். இங்கிலாந்தின் வடபகுதி ஆறுகளில் ட்ரௌட் மீனுக்காகக் கட்டப்பட்ட இச்செயற்கை ஈ எந்தப் பூச்சிக்கும் துல்லியமான பிரதி அல்ல. நீருக்குள் இறகு அசையும்போது உயிர் இருப்பதான தோற்றம், அது மட்டுமே. பூச்சியை அப்படியே பெயர்க்கத் தேவையில்லை என்று 1857இலேயே வாதிட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. ஸி. ஸ்டூவர்ட். அவருடைய ‘கறுப்புச் சிலந்தி’க்கு ஸ்டார்லிங் இறகு (நம் மைனாவின் குடும்பம்).

பிறகு ஹால்ஃபோர்ட். 1886இலும் 1889இலும் வந்த அவர் நூல்கள் விதித்தவை: விறைத்த சேவலிறகு, மிதக்கும் ஈ, நிறத்துக்கு நிறம் ஒத்த பிரதி. தெற்கின் தெளிந்த சுண்ணாம்புப் பாறை ஓடைகளுக்கு இது பொருந்தியது உண்மை. ஆனால் அந்த ஓடைகளின் வசதி ஒழுக்கவிதியாக உயர்த்தப்பட்டது. நம் யதார்த்தவாதிகளின் காரியமும் இதுதானே. மீன் பெரும்பாலும் நீருக்கடியில்தான் தின்கிறது என்ற ஸ்தூலமான விஷயத்தை 1910இல் ஸ்க்யூஸ் என்ற வக்கீல் வாதாட வேண்டியிருந்தது. 1938இலும் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கு ஒரு விவாதம்!

1975இல் அமெரிக்கரான சில்வெஸ்டர் நெமெஸ் மெல்லிறகு ஈ பற்றிப் புத்தகம் போட்டபோது அங்கே பலருக்கு அது புதுமை. யார்க்ஷயர்க்காரர்களோ அதைக் கட்டுவதை நிறுத்தியிருக்கவே இல்லை.