கதவு சாத்தப்பட்ட இளையோர்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உணவும் உடையும் போலவே உறையுளும் மனிதர்க்கு இன்றியமையாதது என்பதை இதனினும் எளிதாகச் சொல்ல இயலாது. போராலும் பஞ்சத்தாலும் வெள்ளத்தாலும் வீடிழந்தோரைப் பற்றி வரலாற்று நூல்களில் படிக்கிறோம். ஆனால், பெற்றோரும் இருக்க, வீடும் இருக்க, தம்மை வெளியே நிறுத்தி அவ்வீட்டின் கதவு சாத்தப்பட்டதனால் தெருவுக்கு வந்த இளையோரும் உண்டு. பிறரால் ஆண் எனக் கொள்ளப்பட்டும் தம்மைப் பெண்ணாக உணர்ந்தவர், பெண் எனக் கொள்ளப்பட்டும் தம்மை ஆணாக உணர்ந்தவர், தம் பாலினத்தாரிடமே காதல் கொண்டவர் ஆகிய இவர்களை இன்று பால்புதுமையினர் என்று வழங்குகிறோம். வீடிழந்த பால்புதுமை இளையோர்க்கு ஒரு கூரை தேடித் தந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவின் நியூயார்க் நகரோடு பிணைந்தது. அதனைச் சிறிது காண்போம்.

இவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் அந்நாட்டின் மேலைக் கடற்கரையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரின் டெண்டர்லாயின் பகுதியில், வீட்டாரால் விலக்கப்பட்ட இளைஞர் பலர் தெருவே வீடாக வாழ்ந்தனர். 1966-ஆம் ஆண்டில் அவர்கள் வான்கார்டு என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர். கிளைடு நினைவுத் தேவாலயத்தைச் சார்ந்த போதகர்கள் துணை நின்றனர். காவலர்கள் தங்களைக் குப்பையெனக் கூட்டித் தள்ளுவதைக் கண்ட அவ்விளைஞர்கள், ஒருநாள் தாமே துடைப்பம் ஏந்தி வீதியைக் கூட்டினர். நாங்கள் குப்பையல்லர் என்பதை உரத்த சொல்லின்றி ஊருக்கு உணர்த்திய செயல் அது.

இனி நியூயார்க்கிற்கு வருவோம். சில்வியா ரிவேரா 1951-இல் அந்நகரில் பிறந்தார். தந்தை கைவிட்டார், தாயும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். பாட்டியின் வீட்டில் வளர்ந்த அவர், தம் பெண்தன்மைக்காகப் பெற்ற ஏச்சும் அடியும் தாளாமல், பதினொரு வயதளவில் தெருவுக்கு வந்துவிட்டார். அவருக்குத் தமக்கைபோல் வாய்த்தவர் மார்ஷா ஜான்சன். 1945-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு துணிப்பையும் 15 டாலரும் கொண்டு நியூயார்க் வந்து சேர்ந்தவர் அவர். 1969 ஜூன் 28-ஆம் நாள் ஸ்டோன்வால் விடுதியில் காவலர் நடத்திய சோதனையை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. பால்புதுமையினர் உரிமை இயக்கம் அதன்பின் வேகம் பெற்றது. உரிமை முழக்கம் எங்கும் கேட்டது. ஆனால், முழக்கமிட்ட கூட்டம் கலைந்த பின்னர் இரவில் உறங்க இடமில்லாதவர்களை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

எண்ணிப் பார்த்த அச்சிலருள் இவ்விருவரும் இருந்தனர். 1970-ஆம் ஆண்டில் அவர்கள் ஸ்டார் என்னும் அமைப்பை நிறுவினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து விண்மீனைக் குறிக்கும் சொல்லாக அமைந்தன. அப்போது சில்வியாவுக்கு வயது 19. முதலில் கிரீனிச் வில்லேஜில் நின்றிருந்த ஒரு பழைய சரக்கு வண்டியே இளையோரின் உறைவிடம் ஆயிற்று. ஒருநாள் உணவு வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவ்வண்டி புறப்படத் தொடங்கியிருந்தது. உள்ளே உறங்கியவர்கள் பதறிக் குதித்தனர். அதன்பின் கிழக்கு இரண்டாம் தெருவில் 213-ஆம் எண் கட்டடத்தில் பாழடைந்த பகுதியொன்றை வாடகைக்கு எடுத்துத் தம் கையாலேயே செப்பனிட்டனர். வாடகைக்குரிய பணத்தை அவ்விருவரும் தெருவில் தம் உடலை விற்றே சேர்த்தனர். சிறியவர்கள் அவ்வழியில் செல்லலாகாது என்பதே அவர்கள் கொண்ட உறுதி. இதைச் சொல்லக் கூசி வரலாற்றிலிருந்து விலக்குவோமாயின், அவர்கள் செய்த தியாகத்தின் அளவையே மறைத்தவர் ஆவோம். 1971-ஆம் ஆண்டின் நடுவில் வாடகை நிலுவைக்காக அவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஓராண்டும் நிலைக்காத வீடு அது. எனினும், வீடில்லாதவரே வீடில்லாதவர்க்கு அமைத்த வீடு என்னும் பெருமை அதற்கு உண்டு.

இயக்கத்தின் பிற பகுதியினர் அவர்களைப் போற்றினரா என்றால், இல்லை. 1973-ஆம் ஆண்டு வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் நடைபெற்ற விழாவில், சிறையிலும் தெருவிலும் வாடுவோர்க்காகப் பேச சில்வியா மேடையேறியபோது, கூட்டத்தினர் இகழ்ந்து கூச்சலிட்டனர். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஏழையர் பின்னுக்குத் தள்ளப்படுவது உண்டு என்பதை மாணவர்கள் ஈண்டுக் கருத வேண்டும்.

அரசு வாளா இருந்ததா என்னும் வினா எழலாம். 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வீட்டை விட்டு ஓடிய சிறுவர்க்கெனச் சட்டம் இயற்றியது. காப்பகங்களுக்கு நிதியும் கிடைத்தது. ஓடி வந்த பிள்ளையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்த்துவைப்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. நல்ல நோக்கமே. ஆயினும், ஓடி வந்த பிள்ளை வேறு, துரத்தப்பட்ட பிள்ளை வேறு. துரத்திய வீட்டிற்கே திருப்பி அனுப்புவது எங்ஙனம் மருந்தாகும்? பொதுக் காப்பகங்களிலோ உடன் தங்கியோரின் கேலியும் அடியும் காத்திருந்தன. திருநங்கைச் சிறுமியை ஆண்கள் பிரிவில் இடுவதும் வழக்கமாயிருந்தது. ஆகவே, காப்பகத்தைவிடத் தெருவே மேல் என்று பலர் திரும்பினர். விடுதியொன்றில் அடிபட்டு வெளியேற்றப்பட்ட 15 வயதுச் சிறுவனின் துயரைக் கேட்டே, எமரி ஹெட்ரிக், டேமியன் மார்ட்டின் என்னும் இருவர் 1979-இல் நியூயார்க்கில் இத்தகைய இளையோர்க்கென ஒரு நிறுவனம் தொடங்கினர்.

இவ்வரலாற்றில் உள்ளத்தை உருக்கும் பெயர் ஆலி ஃபார்னி என்பது. 13 வயதில் வீட்டை இழந்து, வளர்ப்பு இல்லங்களில் துன்புற்று, தெருவில் வாழ்ந்த இளைஞர் அவர். அந்நிலையிலும் எய்ட்ஸ் நோயைத் தடுக்கும் வழியைத் தம் தோழர்களுக்குக் கற்பித்தார். கொல்லப்பட்ட நண்பர்களின் வழக்குகளைத் துப்புத் துலக்குமாறு காவல் துறையை வற்புறுத்தினார். 1997 டிசம்பரில், 22-ஆம் வயதில், ஹார்லெம் பகுதியில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை அறிந்திருந்த தொண்டர் கார்ல் சிசிலியானோ, 2002 ஜூனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஆறு கட்டில்களோடு ஆலி ஃபார்னி மையத்தைத் திறந்தார். இன்று அது பல இல்லங்களாக விரிந்து, உணவு, மருத்துவம், கல்வி, வேலைப் பயிற்சி ஆகியவற்றையும் அளித்துவருகிறது.

அதே 2002-ஆம் ஆண்டில் சில்வியா மறைந்தார். மறுஆண்டு, அவர் இறுதிக் காலத்தில் பசித்தவர்க்கு உணவு வழங்கிவந்த தேவாலயத்திலேயே அவர் பெயரால் இளையோர் உறைவிடம் ஒன்று எழுந்தது. 2017-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 21 முதல் 30 வயது வரையுள்ள பால்புதுமையினர்க்கென மார்ஷாவின் பெயரால் ஒரு விடுதி நகர நிர்வாகத்தின் ஏற்பாட்டில் திறக்கப்பட்டது. வாடகை தர இயலாது வெளியேற்றப்பட்டவரின் பெயரை நகரமே ஒரு புகலிடத்திற்குச் சூட்ட 46 ஆண்டுகள் ஆயின. துன்பம் அதனோடு தீர்ந்துவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாப்பின் ஹால் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பால்புதுமை இளையோர் வீடற்றவராகும் வாய்ப்பு, ஏனைய இளையோரைவிட இரு மடங்குக்கும் மேற்பட்டது.

இது வேற்று நாட்டுச் செய்தி மட்டும் அன்று. மதுரையிலிருந்து பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை வந்த இரு பெண்கள், பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, காவலர் அவர்களைத் துன்புறுத்தலாகாது என்றதோடு, இத்தகையோர்க்குத் தங்குமிடம் கிடைக்கவும் வழிவகுத்தது. தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞரிடம் பாடம் கேட்ட பின்னரே அவர் அந்த ஆணையைப் பிறப்பித்தார். கற்க நாணாத அப்பண்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒருசேர வழிகாட்டுவது.

சட்டம் உரிமை தரும். ஆனால், உரிமையைத் துய்க்க உயிரோடு இருத்தல் வேண்டும்; உயிரோடு இருக்க, இன்றிரவு தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். அறிமுகமில்லாத வழிப்போக்கனும் இளைப்பாறிச் செல்ல வீட்டின் முன்னே திண்ணை அமைத்தவர்கள் நம் முன்னோர். அத்திண்ணையைத் தாண்டித் தம் பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது அம்மரபுக்கு அடுக்குமா? உங்கள் வகுப்பில் உடன் பயிலும் ஒருவர் நாளை உங்களிடம் தம் உள்ளத்தைத் திறந்து பேசக்கூடும். அப்போது அவரை இகழாமல் கேட்பது முதல் உதவி. அவர்க்கு உறைவிடம் உண்டா என்று வினவுவது அடுத்த உதவி. சில்வியாவும் மார்ஷாவும் தொடங்கிய பணி அவ்வினாவிலிருந்தே எழுந்தது.